செங்கட்டிக்குளம் சுத்து

அக்கா, நீங்களும் செங்கட்டிக்குளம் விலக்குல எதுக்கு இடது பக்கம் திரும்பச் சொல்லியிருக்குன்னுதானே கேக்க வர்றீங்க?

தெரியும். மார்கழிக்கு அப்புறம் இந்தப் பக்கமா வந்த சைக்கிள்காரங்க யாரும் அதைக் கேக்காமப் போனதில்ல. உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், கிரீஸ் இருக்கும், இதுல உக்காருங்க. டியூப்ல உடைமுள் ஏறியிருக்குன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார். ஆட்டுக்குக் கொப்பு வெட்டிப் போடுறவங்க முள்ளை ரோட்டுலயே விட்டுட்டுப் போயிடுறாங்க. அதைக் கழட்டி, தண்ணியில முக்கி, ஓட்டையைக் கண்டுபிடிச்சு ஒட்டணும். அவர் எதையும் ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாக்குற ஆளு. என்னைப் பொண்ணு பாக்கவே ரெண்டு தடவை வந்தார்.

என் பேரு செந்தூர்க்கனி. அவர் பேரு ஐகோர்ட்துரை. சிரிக்காதீங்க, எங்க பக்கம் அது சாமி பேரு. அவர் கோர்ட்டு வாசலையே மிதிச்சதில்ல. டீ குடிங்க. சர்க்கரை போடலாமா? சைக்கிள் ஓட்டுறவங்க பாதிப் பேர் சர்க்கரை வேண்டாம்னு சொல்லிட்டு, பாக்கெட்டுல மிட்டாய் வச்சிருக்காங்க, அதனாலதான் கேட்டேன்.

அந்த வழியைப் போட்டது நான்தான்.

ஆமா, நான்தான். உங்க போன்ல நீலக் கோடா ஓடுதுல்ல, உவரிப் பக்கம் கடலை ஒட்டி ஆரம்பிச்சு, செவப்பு மணல்மேடாக் கிடக்குற தேரியைத் தாண்டி, கரண்டு காத்தாடிங்க சுத்துற காட்டுக்குள்ள புகுந்து, நாலுவழிச் சாலைக்கு அடியில நுழைஞ்சு, ஏர்வாடி கடந்து, வாழைத்தோட்டத்து வழியா மலையடிவாரம் போற கோடு. மேல பல் டாக்டர் கோமதிநாயகம்னு எழுதியிருக்கும். அவர் போன்ல ஏத்தினார், அவ்வளவுதான். பாதை என்னுது.

டாக்டர் ஐப்பசியில வந்தார். திருநெல்வேலியில அவருக்கு ஒரு கூட்டம் இருக்கு, ஞாயித்துக்கிழமை ஆனா சைக்கிளை எடுத்துக்கிட்டு எங்கயாவது போயிட்டு வரணும், இல்லன்னா அவங்களுக்கு அந்த வாரம் ஓடாது. அன்னைக்கு உங்களை மாதிரியே பஞ்சராகி இதே இடத்துல உக்காந்திருந்தார். எங்க வீட்டுக்காரர்கிட்ட, "கடல்ல இருந்து மலைக்கு ஒரு வழி சொல்லுங்க, லாரி இல்லாத வழியா"ன்னு கேட்டார்.

இவர், "நேரா திசையன்விளை போயி, நாலுவழிச் சாலையைப் புடிங்க சார், ஒரே மிதி"ன்னார்.

"லாரி இருக்குமே?"

"லாரி இல்லாத ரோட்டுல எனக்கு என்ன சார் சோலி?"

நான் உள்ள தோசை சுட்டுக்கிட்டிருந்தேன். தோசைக்கரண்டியோட வெளிய வந்து, "நான் சொல்றேன் சார்"னு சொன்னேன். சொல்லலாம்ல? நான் மலையடிவாரத்துல பொறந்தவ. ஏர்வாடிக்குப் பள்ளிக்கூடம் போனவ. பதினொண்ணாங் கிளாஸ்ல கவர்மெண்டு சைக்கிள் குடுத்தாங்களே, அதுல அந்தப் பக்கம் நான் சுத்தாத வரப்பு கிடையாது. கட்டிக்குடுத்தது இந்தக் கடற்கரையில. அப்ப ரெண்டு முனையும் தெரிஞ்ச ஆளு யாரு? நான்தானே!

தோசைக்கரண்டிக் காம்பால மண்ணுல கோடு போட்டுக் காட்டினேன். எந்த ரோட்டுல புளியமரம், எந்தத் தரைப்பாலத்துல மழைக்குத் தண்ணி ஏறும், எல்லாம் சொன்னேன். "மார்கழியில வச்சுக்கிடுங்க சார். வாடை முதுகைத் தள்ளும், பாதி வழி காத்தே மிதிச்சுரும். ஆடியில போனீங்கன்னா கணவாய்க் காத்து நெஞ்சைப் புடிச்சுத் தள்ளும், நீங்க மலைக்கு மிதிப்பீங்க, சைக்கிள் கடலுக்கு வரும்"னு சொன்னேன். டாக்டர் விழுந்து விழுந்து சிரிச்சார். ஒவ்வொண்ணாப் போன்ல ஏத்திக்கிட்டார்.

செங்கட்டிக்குளம் விலக்கு வந்துச்சா? நேரா போனா மலை. இடது பக்கம் திரும்பினா ஊருக்குள்ள நுழைஞ்சு, கீழத்தெரு வழியா, குளத்தங்கரை ஏறி, ஒரு சுத்து சுத்தி அதே மலை ரோட்டுல வந்து சேரும். நான் இடது பக்கம் கோடு போட்டேன்.

"இது சுத்து மாதிரி இருக்கே?"ன்னார் டாக்டர்.

"நிழல் இருக்கும் சார். குடிதண்ணிக் குழாய் இருக்கும். நாய்த் தொல்லை இல்ல."

"நாயே இல்லையா?"

"இருக்கு. நல்ல நாய்."

இவர் டியூப்பை முக்கிக்கிட்டே தலையைத் தூக்கினார். "ஏட்டி, கீழத்தெருவுல முத்துப்பேச்சி வீடுல்லா இருக்கு?"

"இருந்தா? ரோடு என்ன அவ அப்பன் வீட்டு ரோடா?"

"அவ வீட்டு வழியா இல்லாம மலைக்குப் போகவே முடியாதோன்னு கேட்டேன்."

தோசை கருகிப்போச்சு, உள்ள போயிட்டேன்.

முத்துப்பேச்சி யாருன்னு சொல்லணும்ல. என் கூடப் படிச்சவ. ஒரே ஊரு, ஒரே பெஞ்சு, ஒரே நாள்ல சைக்கிள் வாங்கினோம். அவ சைக்கிள்ல செயின் கழண்டுக்கிட்டே இருக்கும். நான் இறங்கி மாட்டிவிடுவேன், கையைத் துடைக்க அவ துப்பட்டாவைத்தான் புடிப்பேன். அவ ஏசுவா பாருங்க, மலையில எதிரொலிக்கும். மெக்கானிக்கு மாப்பிள்ளைன்னு எனக்கு முடிவானப்ப, "செயின் மாட்டின கை ராசி"ன்னு கல்யாண மேடையிலயே சொல்லிச் சிரிச்சவ அவ. அப்புறம் அவளைப் பக்கத்துலயே செங்கட்டிக்குளத்துல குடுத்தாங்க. நான் இங்க வந்துட்டேன். தூரம்தான். ஆனா வாரம் ஒரு போன். அதுல பாதி நேரம் சிரிப்புத்தான், விஷயமே இருக்காது.

போன பங்குனியில எங்க யாஷிகாவுக்குக் காதுகுத்து வச்சோம். அதோ டயருக்குள்ள உக்காந்து விளையாடுறால்ல, அவதான். குலசாமி கோயில்ல கெடா வெட்டி, பந்தல் போட்டு, ரேடியோ கட்டி, ஒண்ணும் குறை வைக்கல. பத்திரிகை அடிச்சு, வெத்தலை பாக்கு வச்சு, வீடு வீடா ஏறி இறங்கினோம். இவரோட சின்னம்மா மருமக ஒருத்தி இருக்கா, என்கிட்ட முகம் குடுத்துப் பேசி ரொம்ப நாளாச்சு, அவ வீட்டுக்குக்கூடப் போயி, குங்குமம் குடுத்து, "நீங்கல்லாம் வந்து நடத்திக் குடுக்கணும்"னு கும்பிட்டுச் சொல்லிட்டு வந்தோம். முறைன்னா முறை.

பேச்சிக்கு எதுக்கு முறை? அவ நம்ம ஆளு. பத்திரிகையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பிட்டேன். சும்மா அனுப்பல. கூடவே ஒரு சிரிக்கிற மூஞ்சி போட்டேன், ஒரு ஆட்டுத்தலை போட்டேன். கறிச்சோறு உண்டுன்னு அர்த்தம். ரெண்டு டிக்கும் நீலமாச்சு. பாத்துட்டா.

அவ வரலக்கா.

கடைசிப் பந்தி வரைக்கும் எனக்குப் பக்கத்துல ஒரு இலையைப் போட்டு வச்சிருந்தேன். இவர்தான், "ஈ மொய்க்குது, எடுத்துரு"ன்னார். எடுத்துட்டேன்.

நான் எதையும் மனசுல வச்சுக்கிற ஆள் இல்ல. அவ போன் பண்ணட்டும்னு இருந்தேன், அவ்வளவுதான். அவ பண்ணல. நானும் பண்ணல. வைகாசி போச்சு, ஆடி போச்சு, தீபாவளியும் போச்சு. அதுக்காக அவ ஸ்டேட்டஸை நான் பாக்குறதே இல்லைன்னு நெனைச்சுராதீங்க, அதெல்லாம் பாப்பேன். பழைய ஓட்டு வீட்டைப் பிரிச்சா. பக்கத்துல தகரக் கொட்டகை போட்டு இருந்துக்கிட்டு, புதுசாக் கட்டுறா. ஜன்னலுக்குப் பச்சை பெயிண்டு. அவளுக்குப் பச்சை புடிக்காது, வீட்டுக்காரன் சொன்னதா இருக்கும். இதெல்லாம் சும்மா கண்ணுல படுறதுதான்.

சரி, சைக்கிள் கதைக்கு வர்றேன்.

மார்கழி முதல் ஞாயிறுன்னு நாள் குறிச்சாங்க. டாக்டர், "எல்லாரும் போனைப் பாத்துக்கிட்டே ஓட்டினா விழுந்துருவாங்கம்மா, திருப்பத்துக்குத் திருப்பம் ரோட்டுல அம்புக்குறி போடணும், பெயிண்டு வாங்கித் தரவா?"ன்னு கேட்டார். பெயிண்டுன்னா பஞ்சாயத்துல கேக்கணும், நெடுஞ்சாலைக்காரங்ககிட்ட கேக்கணும், யாருகிட்ட போயி நிக்கிறது? "கோலப்பொடி எதுக்கு சார் இருக்கு, ரெண்டு நாளில தானா அழிஞ்சிரும், யாருக்கும் தொந்தரவு இல்ல"ன்னு சொன்னேன். என்ன புத்திசாலித்தனம்னு டாக்டர் பாராட்டினார். இவர்கூடப் பாராட்டினார். அவர் பாராட்டுறது அபூர்வம்.

சனிக்கிழமை மத்தியானம் எக்ஸெல் வண்டியில கிளம்பினோம். இவர் ஓட்ட, முன்னால யாஷிகா நிக்க, பின்னால நான் கோலப்பொடிச் சாக்கோட. ஒவ்வொரு திருப்பத்துலயும் இறங்கி ஒரு அம்பு. தேரிக்கிட்ட ஒருத்தர், "தேரு வருதாம்மா?"ன்னார். ஏர்வாடிப் பக்கம் ஒருத்தர், "மந்திரி வாராரோ?"ன்னார். "இல்லண்ணாச்சி, பல் டாக்டர் வாரார்"னு சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கிட்டு உள்ள போயிட்டார்.

செங்கட்டிக்குளம் போறப்ப பொழுது சாஞ்சிட்டு. கீழத்தெருவுல பேச்சி வீட்டு முன்னால வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

"இங்க எதுக்கு அம்பு? திருப்பமே இல்லையே"ன்னார் இவர்.

"சின்ன வளைவு இருக்கு."

"எங்கட்டி? தெரு நூல் புடிச்ச மாதிரி இருக்கு."

"உங்களுக்கு வண்டிதான் தெரியும். ரோடு தெரியாது."

மத்த இடத்துல எல்லாம் மூணு இழுப்புல அம்பு போட்டேன். இங்க கொஞ்சம் நிதானமாப் போட்டேன், ஏன்னா மண்ணு நல்லா இருந்துச்சு. அம்புக்குச் சுத்திக் கரை கட்டி, வாலுல ஒரு பூ வச்சேன். பள்ளிக்கூடத்துல விளையாட்டு விழாவுக்கு நானும் அவளும் மைதானத்துல போடுவோம்ல, அதே மாதிரி. தகரக் கொட்டகைக்குள்ள டிவி ஓடுது. பேச்சி வீட்டுக்காரனை ஏசிக்கிட்டு இருக்கா. குரல் நல்லா இருந்துச்சு, சளி கிளி ஒண்ணும் இல்ல.

நான் சத்தமா, "ஏ யாஷிகா, ஓடாத! விழுந்துருவ!"ன்னு சொன்னேன்.

பிள்ளை அவங்கப்பா தோள்ல தூங்கிக்கிட்டு இருந்தா. இருந்தாலும் சொல்லி வைக்கிறது நல்லதுதானே.

கதவு திறக்கல. டிவி சத்தத்துல கேட்டிருக்காது. வந்துட்டோம்.

மறுநாள் காலையில டாக்டர் கூட்டம் கடற்கரையில இருந்து கிளம்பிப் போச்சு. வானவில்லை அவுத்து விட்ட மாதிரி கலர் கலராப் போனாங்க. நான் இட்லி அவிச்சு, சாம்பார் வச்சு, மலையடிவாரத்துத் தடுப்பணைக்குக் கொண்டுபோயி அவங்களுக்குச் சாப்பாடு குடுக்கணும், அதுதான் ஏற்பாடு. இட்லிப் பெட்டியை இவர் பின்னால கட்டிக்கிட்டு இருக்கார், முதல் போன் வருது.

"அம்மா, தேரிப் பக்கத்து ஊர்ல நிக்கிறோம், அம்பையே காணோமே?"

"நல்லாப் பாருங்க சார். கோயில் முக்குல பெரிய அம்பு."

"கோயில் முக்குல ஒரு தாமரைதான் இருக்கு."

"என்ன தாமரை?"

"கோலம்மா. தெரு முழுக்கக் கோலம். ஊரே ஈரமா இருக்கு."

அப்பத்தான் எனக்குத் திக்குனுச்சு. மார்கழி! விடியுமுன்னாடி எல்லாப் பொம்பளைங்களும் எந்திரிச்சு, வாசல் பெருக்கி, வாளி வாளியாத் தண்ணி தெளிச்சு, கோலம் போட்டிருக்காங்க. ஊருக்குள்ள நான் போட்ட அம்பு பூரா போச்சு.

எனக்கு எப்படிக்கா ஞாபகம் வரும்? எங்க வாசலைப் பாருங்க. ஆயிலும் கிரீஸும், லாரி வேற. கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து வாசல்ல ஒரு புள்ளி வச்சதில்ல. அவங்களாவது ஒரு நாள் பெருக்காம இருந்திருக்கலாம். ரோட்டுல ஒரு அம்பு கிடக்கே, யாருக்காவது தேவைப்படுமேன்னு யோசிக்க வேண்டாமா?

அடுத்த போன் காத்தாடிக் காட்டுப் பக்கத்து ஊர்ல இருந்து. "இங்க அம்பு இல்லம்மா. ஒரு மயில் இருக்கு."

"மயிலு எந்தப் பக்கம் பாக்குது சார்?"

"இடது பக்கம்."

"அப்ப இடது பக்கமே போங்க."

வேற என்னத்தச் சொல்ல? நல்ல வேளை, அந்த மயிலு சரியாத்தான் பாத்துச்சு. அதுக்கடுத்த ஊர்ல ஒரு கோலத்து மேல நாலஞ்சு சைக்கிள் ஏறிடுச்சாம். அந்த வீட்டம்மா விடல. கூட்டத்துல ஒரு பேங்க் மேனேஜரு இருக்கார், அவரை உக்கார வச்சு அழிஞ்ச இடத்துக்கெல்லாம் கலர் போட வச்சுட்டுத்தான் அனுப்பினாங்களாம். "நல்லாத்தான் போடுறார், ஆனா பச்சைக்குப் பக்கத்துல நீலம் வச்சுட்டார்"னு டாக்டர் வருத்தமாச் சொல்றார். இவர் வண்டியை ஓட்டிக்கிட்டே சிரிக்கிறார், எக்ஸெல் குலுங்குது. எனக்குச் சிரிப்பு வரல. இனி செங்கட்டிக்குளம்தான். அங்க என் அம்பு இருக்காதுல்ல. பேச்சிதான் முத ஆளா எந்திரிச்சு வாசல் தெளிக்கிறவளாச்சே.

ஏர்வாடி தாண்டுறப்ப டாக்டர் மறுபடி கூப்பிட்டார். குரலே மாறியிருந்துச்சு.

"அம்மா, செங்கட்டிக்குளத்துல நிக்கிறோம். இங்க ஒரே ஒரு வாசல்ல மட்டும் உங்க அம்பு அப்படியே இருக்கு."

"எந்த வாசல்?"

"சாரம் கட்டி வேலை நடக்குற வீடு. பக்கத்துல தகரக் கொட்டகை."

போனைக் காதோட அழுத்திப் புடிச்சேன்.

"அம்பைச் சுத்தித் தண்ணி தெளிச்சிருக்காங்கம்மா. அம்பு மேல ஒரு சொட்டு விழல. சுத்திப் புள்ளி வச்சு, பெரிய கோலமாப் போட்டு, அம்பை நடுவுல விட்டிருக்காங்க. அம்பு முனையில ஒரு பூசணிப்பூ."

சாம்பார்த் தூக்கை மடியில வச்சிருந்தேன். மூடி விலகி, சாம்பார் தொடையில ஊத்தினது எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. இன்னும் தழும்பு இருக்கு.

"அந்த வீட்டம்மா எங்க எல்லாருக்கும் கடுங்காப்பி குடுத்தாங்க. இப்ப அவங்களே சைக்கிளை எடுத்துக்கிட்டு முன்னால போறாங்க, அணை வரைக்கும் வழி காட்டுறேன்னு."

"என்ன சைக்கிள் சார்?"

"பழசு. கவர்மெண்டு சைக்கிள் மாதிரி இருக்கு."

"மேட்டுல மிதிச்சா செயின் கழலும் சார். பாத்துப் போகச் சொல்லுங்க"ன்னு சொல்லிட்டு, இவர்கிட்ட, "விரட்டுங்க வண்டியை"ன்னேன்.

"ஏட்டி, இது எக்ஸெல். விரட்டினாலும் இம்புட்டுத்தான் போகும்."

நாங்க போய்ச் சேரும்போது எல்லாரும் அணைப் பக்கத்துல மரத்தடியில கால் நீட்டிக் கிடக்காங்க. பேச்சி பாலத்துச் சுவர்மேல உக்காந்திருக்கா. சேலையைத் தூக்கிச் செருகியிருக்கா. கை பூரா கரி. செயின் கழண்டிருக்கு, டாக்டர்தான் மாட்டிவிட்டாராம். பல்லு புடுங்குற கைக்கு அதுவும் வருது பாருங்க.

அவ என்னைப் பாக்கல. நானும் பாக்கல. ரெண்டு பேரும் பாக்காம இருக்குறதை மத்த எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. நான் பாட்டுக்கு இட்லி வைக்க ஆரம்பிச்சேன். வரிசை வருது, நானும் கரண்டியைப் பாத்துக்கிட்டே ஊத்துறேன். ஒரு தட்டு நீட்டுது. புடிச்ச கை கரியா இருக்கு.

"எனக்கு உண்டா, இல்ல சைக்கிள்காரங்களுக்கு மட்டும்தானா?"

"வரிசையில வந்தா எல்லாருக்கும் உண்டு."

"வரிசையிலதான் நிக்க வச்சிருக்க."

"உன்னை யாரு நிக்கச் சொன்னா?"

"மார்கழி மாசத்துல ரோட்டுல கோலப்பொடியில வழி போட்டவ நீ ஒருத்திதாண்டி. ஊரே சிரிக்குது."

"உங்க ஊர்க்காரிக ஒரு நாள் தெளிக்காம இருந்தா என்னவாம்?"

"ஆமா, பல் டாக்டருக்காக மார்கழியைத் தள்ளி வச்சிருக்கலாம்."

டாக்டர் இட்லியோட சிரிச்சுப் புரையேறிட்டு. பேச்சி விடல. "தெரு நேராக் கிடக்கு. என் வாசல்ல எதுக்குட்டி அவ்வளவு பெரிய அம்பு?"

"வளைவு இருக்கு."

"எங்க இருக்கு?"

"நானும் அதத்தான் கேட்டேன்"னார் இவர். நான் பாத்த பார்வையில தண்ணி எடுக்கப் போயிட்டார். நல்ல மனுசன், ஆனா எந்த நேரத்துல பேசணும்னு தெரியாது.

பேச்சி குரலைத் தணிச்சுக்கிட்டா. "பிள்ளை ஓடுதுன்னு சத்தம் போட்டியே. கதவிடுக்கு வழியாப் பாத்தேன். பிள்ளை அவர் தோள்ல தூங்குது."

"பாத்தியா? பாத்துட்டுமா வெளிய வரல?"

"கூப்பிட்டியா?"

"என்னது?"

"கூப்பிட்டியான்னு கேட்டேன். கூப்பிடாம நான் எப்படி வர?"

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். கரண்டியைச் சாம்பார்லயே போட்டுட்டேன். "காதுகுத்துக்குக் கூப்பிட்டேனே! வந்தியா? ரெண்டு டிக்கும் நீலமாச்சே, நான் பாக்கலைன்னு நெனைச்சியா?"

"எங்க கூப்பிட்ட? போன்ல ஒரு போட்டோ வந்துச்சு. அன்னைக்கே கேஸ் கம்பெனிக்காரனும் ஒண்ணு அனுப்பினான். எங்க அத்தான் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் அனுப்பினார். எல்லாத்துக்கும் நீலம்தான் ஆகும்." அவ உதடு துடிக்குது. "உன் வீட்டுக்காரர் சின்னம்மா மருமக வீட்டுக்கு வெத்தலை பாக்கோட போனியே. அவ வீடு எங்க இருக்கு? எங்க தெருவுக்கு அடுத்த தெரு. வண்டி எங்க வாசலைத் தாண்டித்தான் போச்சு. நான் வாசல்ல நெல்லு காயப் போட்டுக்கிட்டு நிக்கேன். கையைக் காட்டிட்டுப் போற!"

"அவ அந்நியம். அவளுக்கு முறை வேணும். நீ நம்ம ஆளு, உனக்கு எதுக்கு?"

"ஓ. நம்ம ஆளுக்கு ஒரு வெத்தலை கிடையாது."

நீங்களே சொல்லுங்க அக்கா, நான் சொன்னதுல என்ன தப்பு? அன்னைக்கு அங்க இருந்த அத்தனை பேரும் என்னை ஒரு மாதிரி பாக்குறாங்க. பேங்க் மேனேஜரு தலையைக் குனிஞ்சுக்கிட்டார். எதுக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கல. வண்டி நிறைய பத்திரிகை, இருட்டுறதுக்குள்ள குடுத்து முடிக்கணும், வழியில தெரிஞ்சவளைப் பாத்தேன், கையைக் காட்டினேன். காட்டாமப் போனாத்தானே தப்பு?

இந்த யாஷிகா இருக்காளே, அவ யாரு என்னன்னு பாக்கமாட்டா. பேச்சி சைக்கிள் மணியை அடிச்சுப் பாக்க ஓடினா. பேச்சி அவளைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, கரி படாம ரெண்டு விரலால காதைத் திருப்பித் திருப்பிப் பாத்தா.

"இடது காதுல துளை கொஞ்சம் கீழ இறங்கிட்டு. ஆசாரி அவசரப்பட்டிருக்கான். நான் இருந்திருந்தா சொல்லியிருப்பேன்."

"அதுக்குத்தான் கடைசிப் பந்தி வரைக்கும் உனக்கு இலை போட்டு வச்சிருந்தேன்"னு சொன்னேன். அதை நான் யாருகிட்டயும் சொல்றதா இல்ல. வாயில வந்துட்டு. "ஈ மொய்ச்சும் எடுக்கலட்டி. அவர்தான் எடுக்கச் சொன்னார்."

பேச்சி பிள்ளையை இறக்கி விட்டா. தட்டுல இருந்த இட்லியைப் பிட்டு, சாம்பார்ல முக்கி வாயில போட்டா.

"உப்பு கம்மி."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா போட வேண்டியதுதானே?"

"மறந்துட்டேன். வழி பூரா உங்க ஊர்க்காரிக போன் பண்ண வச்சா, உப்பு எங்க ஞாபகம் வரும்?"

அப்பத்தான் சிரிச்சா. அந்தப் பழைய சிரிப்புத்தான், மலையில எதிரொலிக்கும். கையைக் கழுவினா, என் முந்தானையைப் புடிச்சுத் துடைச்சா, அப்படியே நடந்து போனா. எங்க போறான்னு பாத்தா, அணைப் பக்கம் ஒரு பெட்டிக்கடை இருக்கு, அங்க போயி வெத்தலை பாக்கு வாங்கிக்கிட்டு வர்றா. டாக்டர்கிட்ட ஒரு தட்டைக் கழுவித் தரச் சொன்னா. அவரும் ஓடிப்போயிக் கழுவிக் குடுத்தார். அதுல வெத்தலை பாக்கை வச்சு, ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு, எனக்கு நேரா வந்து நின்னா. முகத்துல துளி சிரிப்பில்ல.

"தை மாசக் கடைசி வெள்ளி எங்க புது வீட்டுப் பால்காய்ச்சு. நீங்களும், உங்க வீட்டுக்காரரும், பிள்ளையும் வந்து நடத்திக் குடுக்கணும். முந்துன நாளே வந்துரணும்."

நீங்களாம்! என்னைப் பாத்து! எனக்குச் சிரிப்பு முட்டிக்கிட்டு வந்துச்சு. "ஏட்டி, இதுக்கு எதுக்கு இவ்வளவு? போன்ல அனுப்பினா நான் வரமாட்டேனா?"ன்னு கேட்டேன். அவ தட்டை நீட்டினபடியே நிக்கா, கண்ணுல தண்ணி. சரி, எதுக்கு வம்புன்னு ரெண்டு கையையும் நீட்டி வாங்கிக்கிட்டேன். சைக்கிள்காரங்க எல்லாம் கைதட்டினாங்க. அவங்களுக்கு எல்லாமே வேடிக்கை.

போன வாரம் டாக்டர் வந்திருந்தப்ப, "இப்பதான் ராசியாயிட்டீங்களே, அந்தச் சுத்தை எடுத்துட்டு நேரா விட்டுரலாமா?"ன்னு கேட்டார். எதுக்கு எடுக்கணும்? ராசிக்கும் ரோட்டுக்கும் என்ன சம்பந்தம்? அங்க நிழல் இருக்கு, தண்ணி இருக்கு. இப்ப கடுங்காப்பியும் இருக்கு. நான் முடியாதுன்னுட்டேன்.

என்னங்க? டியூப் மாட்டி எவ்வளவு நேரமாச்சா? நீங்க ஏன் முதல்லயே சொல்லல? சொன்னீங்களா? எனக்குக் கேக்கல. அக்கா என்ன அவசரமாவா இருக்காங்க, பேசிக்கிட்டுத்தானே இருக்கோம். அவர் அப்படித்தான்க்கா, வேலை முடிஞ்சா ஆளை அனுப்பிரணும் அவருக்கு.

கிளம்பிட்டீங்களா? இருங்க, இருங்க. இன்னைக்கு என்ன கிழமை? வியாழன். பேச்சி வீட்டுப் பால்காய்ச்சு வெள்ளி நாளைக்குத்தான். இவர் நாளைக்கு விடியுமுன்னாடி பிள்ளையைக் கூட்டிக்கிட்டு எக்ஸெல்ல வந்துருவார். நான் இன்னைக்கே போகணும், முந்துன நாளேன்னு சொல்லியிருக்கால்ல. பஸ் இருக்கு. ஆனா அது ஊரெல்லாம் சுத்திக்கிட்டுப் போகும், சுத்திப் போற வழியே எனக்குப் புடிக்காது. அதனாலதான் காலையிலயே என் சைக்கிளுக்குக் காத்தடிச்சு, அந்தா, செவத்துல சாத்தி வச்சிருக்கேன். சேலையும் கட்டிவச்சாச்சு. நல்ல துணை ஒண்ணு வருதான்னுதான் ரோட்டைப் பாத்துக்கிட்டு இருந்தேன். உங்க சைக்கிள் மெலிசு, பறந்துரும். என்னுது இரும்பு.

அக்கா, செங்கட்டிக்குளம் வரைக்கும் கொஞ்சம் மெதுவா மிதிக்கிறீங்களா? நானும் கூட வர்றேன்.